வேலைக்காட்டில் கெட்ட வார்த்தையை எப்படி விட்டீர்கள்? விசுவாசிகள் சொல்லுங்கள்

பத்தாங்காரன் | ஞாயிறு, இரவு 9.40

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நான் மலேசியாவில் பெஸ்தாரி ஜெயாவை ஒட்டிய ஒரு செம்பனைத் தோட்டத்தில் மண்டோர், அதாவது வேலையாட்களை மேற்பார்க்கிறவன். என் கையில் 14 பேர் குலை வெட்டுகிறார்கள். ஒன்பது பேர் பங்களாதேஷ், ஐந்து பேர் இந்தோனேசியா. தமிழர் என்றால் நானும் டிராக்டர் ஓட்டுபவரும்தான்.

நேற்று மத்தியானம் வீட்டுக் கூரையில் ஒரு தகரம் மாற்ற வேண்டியிருந்தது. பங்களாதேஷ் பையன் ஒருவனை உதவிக்குக் கூட்டி வந்தேன். நல்ல பையன், வந்து 11 மாதம் ஆகிறது. அவன் ஏணியில் நின்றான். என் ஏழு வயது மகள் தண்ணீர் எடுத்துக்கொண்டு மெதுவாக வந்தாள். அவன் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஒரு வார்த்தை சொன்னான். அந்த வார்த்தையை இங்கே எழுத மாட்டேன். தாயைச் சேர்த்துத் திட்டுகிற வார்த்தை, தமிழில், சுத்தமான உச்சரிப்போடு.

என் மனைவி வாசலில் அப்படியே நின்றுவிட்டாள். நான் ஏணியை உலுக்கி அவனைக் கீழே இறக்கிச் சட்டையைப் பிடித்தேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை, கண் கலங்கிவிட்டது. "போஸ், அதுக்கு 'சீக்கிரம்' என்றுதானே அர்த்தம்? நீங்கள் எங்களிடம் தினமும் சொல்வதுதானே" என்று மலாயில் கேட்டான்.

கையை எடுத்துவிட்டேன். அவனுக்குத் தமிழில் மொத்தம் ஏழெட்டு வார்த்தை தெரியும். எல்லாம் என் வாயிலிருந்து போனது. அதில் பாதியை வீட்டுக்குள் சொல்ல முடியாது.

இன்றைக்கு ஆராதனையில் பாட்டு ஆரம்பித்தபோது எனக்கு வாய் வரவில்லை. யாக்கோபு 3:10 மனதில் ஓடிக்கொண்டே இருந்தது: "துதித்தலும் சபித்தலும் ஒரே வாயிலிருந்து புறப்படுகிறது, என் சகோதரரே, இப்படியிருக்கலாகாது." ஞானஸ்நானம் எடுத்து ஆறு வருஷம் ஆகிறது. கள்ளு போனது, சிகரெட் போனது. இது மட்டும் போகவில்லை. யாராவது உண்மையில் விட்டிருந்தால் எப்படி என்று சொல்லுங்கள். ஜெபம் பண்ணுங்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள், அது நடந்துகொண்டுதான் இருக்கிறது.

---

லோரி_அண்ணன் | ஞாயிறு, இரவு 10.15

தம்பி, உன் வருத்தம் புரிகிறது. ஆனால் ஒரு விஷயம் சொல்லட்டுமா? நான் 22 வருஷமாக மில்லுக்குக் குலை ஏற்றுகிறேன். வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் மில்லுக்குப் போய்ச் சேர வேண்டும். பிந்தினால் பழத்தில் புளிப்பு ஏறி எண்ணெய் தரம் இறங்கிவிடும். மழையில் லோரி சகதியில் சிக்கி, பின்னால் இன்னும் இரண்டு லோரி நிற்கும்போது, "அன்பான சகோதரரே, கொஞ்சம் தள்ளுங்கள்" என்று யாரும் சொல்ல முடியாது.

நாங்கள் நண்பர்களுக்குள் பேசுவதில் கெட்ட எண்ணமே கிடையாது. அந்த வார்த்தை சொல்லிக் கூப்பிட்டால்தான் நெருக்கம். அப்புறம், வாயில் தேனாகப் பேசி மூன்று மாதம் சம்பளம் கொடுக்காமல் இழுத்தடித்த ஒரு முதலாளியிடம் நான் வேலை பார்த்திருக்கிறேன். அவர் சபையில் பெரிய ஆள், ஒரு கெட்ட வார்த்தை வராது. அவரைவிட வாய் நாறிய எங்கள் பழைய டிரைவர் எத்தனையோ மேல். பசித்து வந்தவனுக்குத் தன் சோற்றைக் கொடுத்தவர் அவர்.

---

ஞாயிறுப்பள்ளி_அக்கா | ஞாயிறு, இரவு 10.52

பத்தாங்காரன் தம்பி, இதை இங்கே எழுதியதற்கே தைரியம் வேண்டும். நன்றி.

லோரி அண்ணே, அந்த முதலாளி விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்க நியாயம். "தங்கள் உதடுகளினால் என்னைக் கனம்பண்ணுகிறார்கள், அவர்கள் இருதயமோ எனக்குத் தூரமாய் விலகியிருக்கிறது" என்று இயேசு சொன்னது அவரைப் போன்றவர்களைத்தான். ஆனால் அவர் தப்பு செய்தார் என்பதால் நம் வாய்க்கு விடுதலைச் சீட்டு கிடைத்துவிடாது.

நெருக்கம் என்று சொன்னீர்களே, அதைப் பற்றி ஒரு பெண்ணாக ஒன்று சொல்கிறேன், கோபப்படாதீர்கள். ஆண்கள் இரண்டு பேர் சிரித்துக்கொண்டு ஒருவரை ஒருவர் திட்டுகிறீர்கள். அந்த வார்த்தையில் யார் இருக்கிறார்? அம்மா, அக்கா, பெண்ணின் உடம்பு. உங்களில் ஒருவர்கூட அந்த வார்த்தையில் இல்லை. நான் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது பக்கத்தில் பள்ளிப் பையன்கள் அப்படிப் பேசினால், அவர்கள் என்னை நினைத்துச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நாலடி தள்ளிப் போய் நிற்கிறேன். "உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணுவாயாக" என்ற கட்டளையில் அடுத்தவன் தாயும் சேர்த்திதான் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன்.

இன்னொரு வகை இருக்கிறது, அது சாதி. இந்தத் தோட்டங்களில் திட்டு என்றால் பாதி சாதிப் பெயர்தான். சபைக்குள் வந்து ஒரே அப்பத்தைப் பிட்ட பிறகும், கோபம் வந்தால் அது நாக்கில் வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உடம்பு வார்த்தையைவிட அது எனக்குப் பெரிய பாவமாகத் தெரிகிறது. யாக்கோபு ஏன் சபிக்கக் கூடாது என்கிறார்? எதிரில் நிற்பவன் தேவனுடைய சாயலில் உண்டாக்கப்பட்டவன் என்பதால். வார்த்தை அசிங்கமா இல்லையா என்பது அவருக்கு அடுத்தபட்சம்.

---

செம்மண்_சாலை | திங்கள், காலை 7.05

நான் கத்தோலிக்கன், வயது 24. எங்கள் செட்டில் கெட்ட வார்த்தையை விட்டவர்கள் அதற்குப் பதிலாக "ஜீசஸ்!" என்று சொல்லப் பழகிவிட்டார்கள். போன் கீழே விழுந்தால் ஜீசஸ், பந்து வெளியே போனால் ஜீசஸ். இது பரவாயில்லையா? எனக்கு இதுதான் அதிகமாக உறுத்துகிறது. "கர்த்தருடைய நாமத்தை வீணிலே வழங்காதிருப்பாயாக" என்பது பத்துக் கட்டளையிலேயே இருக்கிறது. கெட்ட வார்த்தை அதில் தனியாகக்கூட இல்லை.

---

ஞாயிறுப்பள்ளி_அக்கா | திங்கள், காலை 7.30

தம்பி, சரியாகச் சொன்னீர்கள். என் பாட்டி இடி இடித்தால் "ஐயோ ஆண்டவரே" என்பார். அவர் நிஜமாகவே கூப்பிட்டார், அடுத்த நிமிஷம் முட்டிபோட்டும் விடுவார். பந்து வெளியே போனதற்குச் சொல்வது அதுவல்ல. அதற்கு வெறும் "அடடா" போதும்.

---

பழைய_வாத்தியார் | திங்கள், பிற்பகல் 3.20

தோட்டப் பள்ளியில் 30 வருஷத்துக்கு மேல் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன் நான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வேதம். எபேசியர் 4:29 எல்லாருக்கும் மனப்பாடம்: "கெட்ட வார்த்தை ஒன்றும் உங்கள் வாயிலிருந்து புறப்படவேண்டாம்." அங்கே 'கெட்ட' என்று நாம் வாசிக்கும் இடத்தில் கிரேக்க மூலத்தில் இருப்பது 'சாப்ரோஸ்' என்ற சொல். மத்தேயு 7-இல் கெட்ட மரம் என்று வருவதும், 13-ஆம் அதிகாரத்தில் வலையில் சிக்கிய ஆகாத மீனுக்கு வருவதும் அதே சொல்தான். அழுகியது, உதவாதது என்று பொருள். தம்பி, உங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். லோரி வராமல் மூன்று நாள் பாதையோரம் கிடந்த குலை எப்படி இருக்கும் என்று நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். மேலே சிவப்பாகத்தான் இருக்கும். கையை வைத்தால் கொழகொழவென்று வரும், ஈ மொய்க்கும், பக்கத்தில் கிடக்கும் நல்ல குலையிலும் அந்த வாடை ஏறிவிடும். பவுல் சொல்வது அந்த மாதிரிப் பேச்சை.

கொலோசெயர் 3:8-இல் "உங்கள் வாயில் பிறக்கத்தகாத வம்பு வார்த்தைகள்" என்று இருக்கிறது. பழைய தமிழில் வம்பு என்றால் ஆபாசப் பேச்சு என்றும் பொருள் உண்டு. இன்றைக்கு நமக்கு வம்பு என்றால் சண்டை, ஊர்க்கதை. அதனால் அந்த வசனம் யாரோ வம்பளக்கிற கிழவிகளுக்குச் சொன்னது என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுகிறோம்.

ஆனால் வேதாகமத்தில் விலக்கப்பட்ட வார்த்தைகளின் பட்டியல் எதுவும் கிடையாது. பிலிப்பியர் 3:8-இல் பவுல் தன் குலம், படிப்பு, பெருமை எல்லாவற்றையும் 'குப்பை' என்று எண்ணுகிறேன் என்கிறார். கிரேக்கத்தில் அவர் போட்ட சொல்லுக்குச் சாணம், மலம் என்றுகூட அர்த்தம் உண்டு. தமிழில் மெதுவாக்கிவிட்டார்கள். அவர் அந்தக் கடுஞ்சொல்லை எதன்மேல் எறிகிறார் என்று பாருங்கள். தன் பெருமையின்மேல். இன்னொரு மனிதன்மேல் அல்ல. மறுபக்கம், மத்தேயு 5:22-இல் இயேசு கண்டிக்கிற வார்த்தைகள் என்ன? 'வீணன்', 'மூடன்'. இரண்டும் கேட்க அசிங்கமான வார்த்தைகளே இல்லை. 'ரகா' என்ற அரமேயச் சொல்லைத்தான் வீணன் என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள், ஒன்றுமில்லாதவன் என்று அர்த்தம். நம் ஊரில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை மலாயில் 'போடோ', முட்டாள், என்கிறோம்? அதுதான் இது.

அடுத்தது நம் கதை. இந்த வார்த்தைகள் நம் தோட்டத்துக்குள் எப்படி வேரூன்றின என்று யோசித்திருக்கிறீர்களா? என் தாத்தா கங்காணி கூட்டி வந்த ஆள். அந்த முறையில் ஆள் கொண்டுவருவது 1938-இல்தான் நின்றது. விடியுமுன் ஆட்களைத் திரட்டும் பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும்போதே திட்டு ஆரம்பமாகும் என்று அப்பா சொல்வார். பிந்தி வந்தவனுக்கு ஒன்று, காய்ச்சல் என்றவனுக்கு ஒன்று, பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு ஓடி வந்த பெண்ணுக்கு ஒன்று. வெள்ளைக்காரத் தொரைமாரும் வேலைக்காகத் தமிழ் கற்றுக்கொண்டார்கள். வா, போ, வெட்டு, தூக்கு என்ற ஏவல் தமிழ். கூடவே கங்காணி வாயில் கேட்டதும் ஒட்டிக்கொண்டது. பேச்சே ஒரு சவுக்கு மாதிரி இருந்தது. வாங்கியவன் பதிலுக்குத் தொரையைத் திட்ட முடியாது. அதைக் கொண்டுபோய்ப் பெண்டாட்டியிடமும் பிள்ளையிடமும் இறக்கினான்.

தம்பி, மனம் நோகச் சொல்லவில்லை. நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு அந்தப் பிரட்டுக் களம்தான் ஞாபகம் வந்தது. அந்தப் பங்களாதேஷ் பையன் நிற்கும் இடத்தில்தான் என் தாத்தா நின்றார்.

---

கிராணி_பேத்தி | திங்கள், இரவு 8.11

வாத்தியார் ஐயா எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். எங்கள் தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தோட்ட ஆபீசில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தவர். எங்கள் வீட்டில் கெட்ட வார்த்தைக்குத் 'தூஷணம்' என்றுதான் பெயர். "தூஷணம் பேசாதே" என்பார் பாட்டி. ஆனால் அதே வீட்டில் தோட்டத்து ஆட்களைப் பற்றிப் பேசிய தொனி இருக்கிறதே, அதில் ஒரு தூஷணமும் இருக்காது, ஒரு மரியாதையும் இருக்காது. அப்பா இன்றைக்கு அதை ஒத்துக்கொண்டார். அவர் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

---

பக்கத்து_லயம் | திங்கள், இரவு 9.02

நான் இந்து. இந்தப் பேச்சுக்குள் வரலாமா என்று தெரியவில்லை. ஒரு சின்ன விஷயம்தான். வேதக்காரர் வீடுகளிலும் அம்மாமார்கள் பிள்ளைகளைச் "சனியனே", "மூதேவி" என்கிறார்கள். எங்கள் வீட்டில் பாட்டி அதைச் சொல்ல விட மாட்டார். சொன்ன வாயோடு சனி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடும் என்பார். விளக்கு வைத்த நேரத்தில் "எழவு" என்று சொன்னால் அடியே விழும். இதையும் சேர்த்து யோசியுங்கள்.

---

ஞாயிறுப்பள்ளி_அக்கா | திங்கள், இரவு 9.25

தாராளமாக வாருங்கள். உங்கள் பாட்டி சொன்னது எனக்கு நன்றாகவே உறைத்தது. நான் கெட்ட வார்த்தை பேசியதே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் என் பெரியவன் எஸ்பிஎம் பள்ளி இறுதித் தேர்வில் கணக்கில் தோற்ற அன்று "நீ எனக்குப் பிறந்த சனியன்" என்று சொன்னேன். நாலு வருஷம் ஆகிறது. அவன் சிங்கப்பூரில் வேலை செய்கிறான். இந்த இழையைப் படித்துவிட்டு இப்போதுதான் அவனுக்குப் போன் பண்ணி மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் மறந்துட்டேன்மா" என்றான். ஆனால் எந்த நாள் என்று நான் சொல்லாமலே அவனுக்குத் தெரிந்திருந்தது.

---

லோரி_அண்ணன் | செவ்வாய், அதிகாலை 5.10

ராத்திரி தூங்கவில்லை. அக்கா சொன்ன கைப்பை விஷயம் மனதை விட்டுப் போகவில்லை, எனக்கும் இரண்டு பெண் பிள்ளைகள். நண்பர்களுக்குள் என்றாலும் லோரியின் ஜன்னல் திறந்துதானே இருக்கிறது.

ஆனால் தம்பி கேட்ட கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. எப்படி விடுவது? யாக்கோபே "நாவை அடக்க ஒரு மனுஷனாலும் கூடாது" என்று எழுதிவிட்டாரே.

---

செம்மண்_சாலை | செவ்வாய், மதியம் 1.15

எனக்குக் கொஞ்சம் உதவியது ஏசாயா 6. தேவனைக் கண்டவுடன் அவர் சொல்கிற முதல் விஷயம் "நான் அசுத்த உதடுகளுள்ள மனுஷன், அசுத்த உதடுகளுள்ள ஜனங்களின் நடுவில் வாசமாயிருக்கிறவன்" என்பது. ஊர் இப்படி, அதனால் நானும் இப்படி என்று அவர் தப்பிக்கவில்லை. அதே சமயம் தன்னை மட்டும் தனியாகப் பிரித்துக்கொண்டு ஊரைத் திட்டவும் இல்லை. அப்புறம் நெருப்புத் தழல் வந்து உதட்டைத் தொடுகிறது. அவராகக் கழுவிக்கொள்ளவில்லை.

நடைமுறையில் நான் செய்தது: கூட விளையாடும் இரண்டு பேரிடம் சொல்லி வைத்தேன், நான் சொன்னால் உடனே என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள் என்று. திட்ட வேண்டாம், சிரிக்க வேண்டாம், பெயர் மட்டும். காசு போடுகிற டப்பாவெல்லாம் முன்பே வைத்துப் பார்த்தோம். இரண்டு வாரத்தில் அது விளையாட்டாகப் போய்விட்டது, 50 சென் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் திட்டினோம்.

---

பழைய_வாத்தியார் | செவ்வாய், மாலை 4.48

எபேசியர் 4:29-இல் இரண்டாவது பாதி இருக்கிறது, அதை யாரும் சுவரில் எழுதி மாட்டுவதில்லை. "பக்திவிருத்திக்கு ஏதுவான நல்ல வார்த்தை உண்டானால் அதையே கேட்கிறவர்களுக்குப் பிரயோஜனமுண்டாகும்படி பேசுங்கள்." வாயை மூடு என்று பவுல் சொல்லவில்லை, கேட்கிறவனுக்கு ஏதாவது கொடு என்கிறார். தம்பி, அந்தப் பையன் 11 மாதமாக உங்களிடம் தமிழ் கற்றுக்கொண்டிருக்கிறான். அவனுக்கு 'சீக்கிரம்' என்பதற்கு ஒரு வார்த்தை வேண்டும். அதைக் கொடுங்கள்.

நம் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். பத்தாங் பெர்ஜுந்தை என்ற பழைய பெயருக்கு மலாயில் 'தொங்கும் தண்டு' என்று அர்த்தம், வெளியூர்க்காரர்கள் அதை வைத்து விகாரமாகச் சிரிப்பார்கள். 2007-இல் பெஸ்தாரி ஜெயா ஆனது. பலகை ஒரே நாளில் மாறியிருக்கும். ஆனால் நீங்களே இந்த இழையில் உங்களுக்கு வைத்துக்கொண்ட பெயரைப் பாருங்கள். பழக்கமான சொல் இப்படித்தான் பிடித்துக்கொள்ளும். அதனால் பத்து நாளில் போகவில்லை என்று மனம் தளராதீர்கள்.

---

பத்தாங்காரன் | சனி, இரவு 8.30

எல்லாருடையதையும் படித்தேன். வாத்தியார் ஐயாவின் பிரட்டுக் களத்தைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்கப் பதில் எழுத முடியவில்லை. என் அப்பாவை ஒரு கங்காணி வாயால் அடித்ததைச் சின்ன வயதில் நான் பார்த்திருக்கிறேன். அப்பா தலையைக் குனிந்து கையிலிருந்த வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆளை நான் வாழ்நாள் முழுக்க வெறுத்தேன். அவருடைய வார்த்தைகளைத்தான் நான் வைத்திருக்கிறேன் என்பது எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

புதன்கிழமை காலை 14 பேரையும் நிற்க வைத்து மலாயில் பேசினேன். நான் இத்தனை நாள் சொன்ன வார்த்தைகளுக்கு என்ன அர்த்தம் என்று நேராகச் சொல்லிவிட்டேன். சொல்லாமல் மன்னிப்புக் கேட்டால் அது மன்னிப்பு இல்லை என்று தோன்றியது. இந்தோனேசியப் பெரியவர் ஒருவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. "தெரியும் பாங் (அண்ணே). என் அம்மா போய் ஏழு வருஷம் ஆகிறது" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பையனிடம் தனியாக மன்னிப்புக் கேட்டேன், சட்டையைப் பிடித்ததற்கும் சேர்த்து. மகளுக்கு அந்த வார்த்தை ஞாபகம் இருக்கிறதா என்று மனைவி கேட்டுப் பார்த்தாள். இருக்கிறது. அப்பாவின் தப்பு அது, அந்த அண்ணனின் தப்பு இல்லை என்று நானே அவளிடம் சொன்னேன்.

வியாழக்கிழமை விழுந்தேன். மழை, டிராக்டர் கானில் (வடிகாலில்) இறங்கிவிட்டது, வாயில் வந்துவிட்டது. செம்மண் தம்பி சொன்னபடி டிராக்டர்காரரிடம் முன்பே சொல்லி வைத்திருந்தேன். அவர் என் பெயரை மட்டும் சொன்னார். மறுபடியும் மன்னிப்புக் கேட்டேன். இப்போது காலையில் வண்டியை எடுக்குமுன் "கர்த்தாவே, என் வாய்க்குக் காவல்வையும்" என்ற 141-ஆம் சங்கீதத்தைச் சத்தமாகச் சொல்கிறேன்.

'சீக்கிரம்' என்பது பையனுக்கு வாயில் நுழையவில்லை. 'வெரசா' என்று சொல்லிக் கொடுத்தேன். இன்றைக்கு உதிரிப் பழம் பொறுக்கி முடித்துவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தான். நான் கணக்குப் புத்தகத்தோடு தூரத்தில் நடந்து வருவதைப் பார்த்து எழுந்து நின்று, இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினான்: "போஸ்! வெரசா! வெரசா!"

---

லோரி_அண்ணன் | சனி, இரவு 8.47

தம்பி, திங்கட்கிழமை உன் தோட்டத்துக்குத்தான் லோடு எடுக்க வருகிறேன். அந்தப் பையனைப் பார்க்க வேண்டும். இருக்கச் சொல்.